சம்போவாக வாழும் துணைவிக்கு நாவலின் உரிமைத்தொகை சேருமா?

கேள்வி: ஸ்வீடனில் புலனாய்வுச் செய்தியாளராக இருக்கிறேன், நாவல்களும் எழுதுகிறேன். துணைவியும் நானும் திருமணம் செய்யாமல் 'சம்போ'வாக வாழ்கிறோம், குழந்தைகள் இல்லை. நாவலாசிரியர் ஸ்டீக் லார்சனின் மறைவுக்குப் பின் நடந்தது எங்களுக்கும் நடக்குமா?

பதில்: உயில் எழுதாவிட்டால் நிச்சயமாக நடக்கும். ஸ்வீடனின் டிடி (TT) செய்தி நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றி, தீவிர வலதுசாரிகளைத் துப்பறியும் 'எக்ஸ்போ' இதழை 1995இல் நிறுவியவர்களுள் ஒருவரான லார்சன், மூன்று நாவல்களைப் பதிப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டு, முதலாவது அச்சேறும் முன்பே, 2004 நவம்பர் 9 அன்று 50 வயதில் மாரடைப்பால் இறந்தார். முப்பதாண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த ஏவா கபிரியேல்சனை விட்டுவிட்டு, தந்தையும் தம்பியுமே சட்டப்படி வாரிசுகள் ஆயினர். இருவரின் பொதுப் பயன்பாட்டுக்கென வாங்கிய வீட்டிலும் சாமான்களிலும் மட்டுமே சம்போவுக்குப் பங்குண்டு. சோபாவைப் பாதியாகப் பிரிக்கத் தெரிந்த சட்டத்துக்கு, ஆசிரியர் இறந்த பின் 70 ஆண்டுகள் நீடிக்கும் பதிப்புரிமை இன்றும் கண்ணில் படவில்லை.

உயிலைத் தாளில் எழுதி, ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன் பேனாவால் கையொப்பமிடுங்கள். துணைவியோ இரு குடும்பத்தாரோ சாட்சியாகக் கூடாது. அலுவலக நண்பர்கள் இருவர் போதும். உயிலைப் 'பதிவு' செய்து தருவதாகக் கட்டணம் கேட்கும் இணைய நிறுவனங்களிடம் ஏமாறாதீர்கள். ஸ்வீடனில் உயிலுக்கென்று அரசுப் பதிவேடே கிடையாது. அவர்கள் விற்பது வெறும் அலமாரி இடம். பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளத்தால் கையொப்பமிட்டால் செல்லும் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

சாட்சியில்லாமலும் உயில் செல்லும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது அவசர உயில்: நோயாலோ வேறு நெருக்கடியாலோ சாட்சிகளை அழைக்கவே இயலாத நிலையில், கைப்பட எழுதிக் கையொப்பமிட்டால் செல்லும். ஆனால் முறைப்படி எழுத வாய்ப்புக் கிடைத்த பிறகு மூன்று மாதங்களில் அது காலாவதியாகிவிடும். லார்சனும் 1977இல் ஓர் உயில் எழுதியிருந்தார். சாட்சிகள் இல்லாததால் அது செல்லவில்லை. ஆபத்தான செய்தியைத் தேடிப் புறப்படும் முன் மேசை இழுப்பறையில் கடிதம் எழுதி வைப்பது உங்கள் தொழிலில் வழக்கம். அன்று பக்கத்து வீட்டார் இருவரை அழைக்க உங்களுக்கு நேரம் இருந்திருந்தால், அந்தக் கடிதத்தை அவசர உயில் என்று வாதாட முடியாது.

பதிப்புரிமை, ஒப்பந்தங்கள், முடிக்காத கையெழுத்துப் படிகள் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லி எழுதுங்கள். லார்சனின் மடிக்கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட நான்காவது நாவலைச் சுற்றியும் பூசல் எழுந்தது. செய்திக்காகச் சேர்த்த கோப்புகளை மட்டும் இவற்றோடு கலக்காதீர்கள். தகவல் தந்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கும், எனவே அவற்றை யார் திறக்கலாம், எவற்றை அழிக்க வேண்டும் என்பதை உங்கள் செய்தி ஆசிரியரோடு இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.