விண்வெளிப் படங்கள், வீடியோக்களின் அசல் கோப்புகளை எங்கே, எப்படித் தேடி எடுப்பது?

கேள்வியின் சாரம் இது: கூகுளில் தேடினால் சுருக்கிய, வண்ணம் கூட்டிய விண்வெளிப் படங்கள்தான் வருகின்றன. விண்கலம் அனுப்பிய, விண்வெளி வீரர் எடுத்த அசல் படமும் வீடியோவும் எங்கே இருக்கின்றன?

பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன, பலவற்றுக்குப் பதிவுகூடத் தேவையில்லை. ஆனால் நாம் சொல்லைப் போட்டுத் தேடுகிறோம், காப்பகங்களோ எண்ணால் அடுக்கப்பட்டவை. "நிலவில் மனிதன்" என்று தேடினால் ஆயிரம் நகல்கள் வரும். ஏஎஸ்11-40-5903 என்று தேடினால் ஆம்ஸ்ட்ராங் எடுத்த ஆல்ட்ரின் படம், அந்த ஒரே ஃபிரேம், வெவ்வேறு காப்பகங்களில் வெவ்வேறு தரத்தில் கிடைக்கும். ஆகவே முதல் வேலை எண்ணைப் பிடிப்பது. (குறியீடுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தேடும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.)

எண்ணைப் பிடிக்க நல்ல இடம் 2017-ல் திறக்கப்பட்ட நாசாவின் படம், வீடியோ நூலகம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் "நாசா ஐடி" இருக்கும். பதிவிறக்கப் பட்டியலில் பல அளவுகள் இருக்கும், "ஒரிஜினல்" என்பதையே எடுங்கள். இங்கே இரண்டு இடங்களில் ஏமாறுவோம். ஒன்று, தேதி. பிஐஏ என்று தொடங்கும் எண்கள் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்திய ஃபோட்டோஜர்னல் தொகுப்பைச் சேர்ந்தவை. அவற்றில் இருப்பது படம் எடுத்த தேதி அல்ல, வெளியிட்ட தேதி. வாயேஜர் 1 எடுத்த 'வெளிர் நீலப் புள்ளி' (பிஐஏ00452) 1990 பிப்ரவரி 14-ல் எடுக்கப்பட்டது, ஆனால் 1990 என்று வடிகட்டினால் அது வராது. இரண்டு, "ஒரிஜினல்" என்பது அந்த நூலகத்துக்கு வந்துசேர்ந்த கோப்பின் அசல், கேமராவின் அசல் அல்ல.

அப்பல்லோ படங்களில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். எண்ணைப் பிரித்துப் படித்தால், ஏஎஸ்11 என்பது அப்பல்லோ 11, 40 என்பது ஃபிலிம் மேகசின் (கேமராவில் மாட்டும் ஃபிலிம் பெட்டி), 5903 என்பது ஃபிரேம். மேகசின் எண் தெரிந்தால் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம். ஒரு புகழ்பெற்ற படத்தைவிட அந்த வரிசைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. ஃபிளிக்கரில் இருக்கும் 'ப்ராஜெக்ட் அப்பல்லோ ஆர்க்கைவ்' தொகுப்பு மேகசின் வாரியாகவே அடுக்கப்பட்டிருக்கிறது, புரட்டுவதற்கு அது போதும். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'மார்ச் டு தி மூன்' தளம். அசல் ஃபிலிமையே ஸ்கேன் செய்த 16 பிட் டிஃப் கோப்புகள் (நுணுக்கம் இழக்காத பட வடிவம்) அங்கே உண்டு. வண்ண ஃபிரேம் ஒன்றே ஜிபி அளவில் வரும், முதலில் சிறிய ஜேபெக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு இறக்குங்கள். ரா ஸ்கேன், அதாவது எதுவும் திருத்தாத ஸ்கேன், திறந்தவுடன் மங்கி, சப்பென்று இருக்கும். பட மென்பொருளின் லெவல்ஸ் வசதியால் கறுப்பு வெள்ளை இடைவெளியை விரித்தால் சரியாகிவிடும்.

5903-ஐ அங்கே திறந்து பாருங்கள். அடிவானம் சாய்ந்திருக்கும். ஆல்ட்ரின் தலைக்கு மேலே ஃபிரேம் சட்டென்று முடிந்துவிடும், முதுகுப் பையின் ஆன்டெனாகூட வெட்டுப்பட்டிருக்கும். பத்திரிகைகளில் பார்த்துப் பழகிய படத்தில் தலைக்கு மேலே இருக்கும் கறுப்பு வானம் பிறகு சேர்க்கப்பட்டது. படம் முழுக்கத் தெரியும் சிறு கூட்டல் குறிகள் கேமராவுக்குள் ஃபிலிமை ஒட்டி இருந்த கண்ணாடித் தட்டில் பொறிக்கப்பட்டவை, அளவெடுக்க 10 மி.மீ. இடைவெளியில் வைத்தவை. வெள்ளைப் பரப்பின் மேல் அவை மறைவதைக் காட்டி "ஒட்டுப் படம்" என்பார்கள். மிகை வெளிச்சம் ஃபிலிமில் கசிந்து மெல்லிய கோட்டைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அதுபோலவே அப்பல்லோ 17-ன் 'நீலக் கோலி' (ஏஎஸ்17-148-22727) அசலில் தென் துருவம் மேலே இருக்கும். அசலா என்று சந்தேகம் வந்தால் வண்ணத்தைப் பார்ப்பதைவிட திசையையும் ஓரங்களையும் பாருங்கள்.

இனி வீடியோ. இதில்தான் குழப்பம் அதிகம். நிலவில் இறங்கும்போது கலத்தின் ஜன்னல் வழியே எடுத்தது 16 மி.மீ. சினிமா ஃபிலிம். ஃபிலிமை மிச்சப்படுத்த நொடிக்கு 6 அல்லது 12 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினார்கள். 6-ல் எடுத்ததை 24 ஃபிரேமில் டிஜிட்டலாக்கி ஏற்றியிருந்தால், நான்கு நிமிடம் ஒரு நிமிடமாகச் சுருங்கிப் பறக்கும். அப்பல்லோ 11 இறங்கிய காட்சி 6 ஃபிரேமில் எடுத்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில், வேகத்தை மாற்றும் செட்பிடிஎஸ் ஃபில்டருக்கு 4 மடங்கு கொடுத்தால் உண்மை வேகம் வரும். ஆனால் கோப்பு 29.97 ஃபிரேமில் இருந்தால், தொலைக்காட்சிக்காக நடுநடுவே இரட்டிக்கப்பட்ட ஃபிரேம்கள் கலந்திருக்கும். முதலில் அவற்றை நீக்கி 24-க்குக் கொண்டுவந்த பிறகே மெதுவாக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஃபிரேம் நின்று, ஒன்று குதித்து, திக்கித் திக்கி ஓடும். வேகம் சரியா என்று பார்க்க வீரர்களின் குரல் பதிவோடு ஒட்டிப் பாருங்கள். 'அப்பல்லோ இன் ரியல் டைம்' தளம் 11, 13, 17 பயணங்களுக்கு ஒலி, படம், ஃபிலிம் எல்லாவற்றையும் நேரப்படி கோத்தே வைத்திருக்கிறது.

அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் நடந்த காட்சியின் நேரடி ஒளிபரப்பு வேறு கதை. அது நொடிக்கு 10 ஃபிரேம், 320 வரி கொண்ட கறுப்பு வெள்ளை சிக்னல். அதைத் திரையில் ஓட்டி, திரையை இன்னொரு கேமராவால் பிடித்துத்தான் வழக்கமான தொலைக்காட்சிக்கு மாற்றினார்கள். மாற்றுவதற்கு முந்தைய சிக்னலைப் பதிந்த டேப்புகள் பிற்பாடு அழித்து மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2009-ல் நாசாவே அறிவித்தது. இருப்பது ஒளிபரப்பு நகல்களும் அவற்றைச் செப்பனிட்ட வடிவமும்தான். ஆகவே "4கே அசல்" என்று யாராவது அந்தக் காட்சியைப் போட்டால், மென்பொருள் ஊதிப் பெருக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏவுதளக் காட்சிகள் அப்படியல்ல. 65 மி.மீ. ஃபிலிமில் எடுத்த சுருள்களே அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தன, அவற்றுக்கு 4கே தகும். அந்தக் காப்பகத்தில் தேடும்போது ரெக்கார்ட் குரூப் 255 என்று வடிகட்டினால் நாசா மட்டும் வரும். பிந்தைய அப்பல்லோ வண்ண ஒளிபரப்பில், அசையும் வீரரின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிவது கேமராவில் சுழலும் வண்ணச் சக்கரத்தால். சரிசெய்யப் பாடுபட வேண்டாம்.

கோள்களுக்குப் போன விண்கலங்களின் படங்கள் பெரும்பாலும் மூன்று நிலைகளில் இருக்கும்: செய்திக்காகத் தயாரித்தது, வந்தவுடன் தளத்தில் ஏற்றிய ரா ஜேபெக் அல்லது பிஎன்ஜி, சில மாதங்கள் கழித்து கோள் தரவு அமைப்பில் (பிடிஎஸ்) சேரும் அளவுத்திருத்தம் செய்த கோப்பு. வேடிக்கை பார்க்க இரண்டாவது போதும். செவ்வாய் ஊர்திகளுக்கு சோல் எண்ணைக் கொடுத்தால், அதாவது இறங்கியதிலிருந்து எத்தனையாவது செவ்வாய் நாள் என்று கொடுத்தால், அன்றைய படமெல்லாம் வரும். கறுப்பு வெள்ளையில் நெருக்கமான கட்டம் போட்டதுபோல ஒரு படம் தெரிந்தால் அது பழுதல்ல. ஒவ்வொரு பிக்சலும் ஒரே நிறத்தை மட்டும் பதிந்த, வண்ணம் இன்னும் பிரிக்கப்படாத பேயர் படம் அது. டீபேயர் செய்தால், அதாவது அக்கம்பக்கப் பிக்சல்களிலிருந்து மற்ற நிறங்களைக் கணித்தால், வண்ணம் வரும்.

காசினி, வாயேஜர் படங்களுக்கு பிடிஎஸ்-ன் வளையப் பிரிவு நடத்தும் ஓபஸ் தேடுபொறியை விஞ்ச எதுவும் இல்லை. சனியின் எந்த நிலவு, எந்த ஃபில்டர், எவ்வளவு தூரம் என்று வடிகட்டலாம். காசினி எண்ணின் முதல் எழுத்து என் என்றால் குறுங்கோணக் கேமரா, டபிள்யூ என்றால் அகலக் கோணம். பின்னால் வருவது விண்கலக் கடிகாரத்தின் நொடிக் கணக்கு, ஆகவே எண் வரிசையே நேர வரிசை. வாயேஜரில் ஒரே படத்துக்கு ரா, கிளீன்டு, கேலிப், ஜியோமெட் என்று நான்கு கோப்புகள் இருக்கும். ராவில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும், அவை கேமராக் குழாயில் பதித்த அடையாளங்கள். பார்க்கவும் இணைக்கவும் ஜியோமெட் எடுங்கள், புள்ளி நீக்கி வடிவக் கோணலும் நிமிர்த்தியது அது.

செவ்வாயைச் சுற்றிவரும் ஹைரைஸ் கேமராவின் எண்ணிலேயே இடமும் இருக்கிறது. கடைசி நான்கு இலக்கத்தில் 1800 என்றால் நிலநடுக்கோடு, 1650 என்றால் 15 பாகை தெற்கு, 1950 என்றால் 15 பாகை வடக்கு. (இரவுப் பக்கத்தில் எடுத்த அரிதான படங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.) கோப்பு ஜேபி2 வடிவில் பிரம்மாண்டமாக இருக்கும். முழுதும் இறக்காமல் ஹைவியூ மென்பொருளில் இழுத்துப் போட்டால் பார்க்கும் பகுதியை மட்டும் அது வரவழைக்கும். சுமார் 6 கி.மீ. அகலப் பட்டையில் நடுவே 1.2 கி.மீ. மட்டுமே வண்ணம். அந்த நீல மணல்மேடுகள் நிஜத்தில் நீலம் அல்ல, அகச்சிவப்பைச் சிவப்பாக ஏற்றியதால் மற்ற நிறங்கள் ஒரு படி தள்ளிப்போயிருக்கின்றன.

தொலைநோக்கிகளுக்கு வருவோம். ஹப்பிள், ஜேம்ஸ் வெப் இரண்டின் தரவும் மாஸ்ட் காப்பகத்தில். வெப்பில் தொடங்க கரினா நெபுலாவின் 'காஸ்மிக் கிளிஃப்ஸ்' நல்ல இடம், ஆய்வு எண் 2731. எண்ணைக் கொடுத்து, கருவி நிர்கேம் (வெப்பின் அண்மை அகச்சிவப்புக் கேமரா), தரவு நிலை 3 (இணைத்து முடித்த படம்) என்று வடிகட்டுங்கள். பட்டியலில் ஐ2டி என்று முடியும் ஃபிட்ஸ் கோப்புகள் (வானியல் தரவுக்கான வடிவம்) மட்டும் போதும். அன்கேல், ரேட், கேல் என்று முடிபவை முந்தைய கட்டங்கள், தேவையில்லாமல் வட்டை நிரப்பும். ஹப்பிளில் இதற்கு இணையானவை டிஆர்இசட், டிஆர்சி.

ஃபிட்ஸைத் திறந்ததும் ஒன்றுமே தெரியாது. காரணம் இரண்டில் ஒன்று. வெப் கோப்பின் முதல் பகுதியில் படமே கிடையாது, தலைப்புத் தகவல் மட்டும். எஸ்சிஐ என்ற பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் எடுத்து இன்னும் கறுப்பாக இருந்தால், தரவு நேர்கோட்டு அளவில் இருக்கிறது. நெபுலாவின் மங்கல் ஒளி முழுக்க அளவுகோலின் அடிமட்டத்தில் ஒடுங்கிக் கிடக்கும். ஃபிட்ஸ் லிபரேட்டர் அல்லது சிரில் மென்பொருளில் மங்கலானதை அதிகம் தூக்கும் ஆர்க்சைன்ஹெச் விரிப்பைக் கொடுங்கள். எல்லாப் ஃபில்டர்களுக்கும் விரிப்பு முடிந்த பிறகு 16 பிட் டிஃபாகச் சேமியுங்கள். 8 பிட்டில் சேமித்துவிட்டு ஜிம்ப் பட மென்பொருளில் விரித்தால் வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும்.

அடுத்த சிக்கல், வெவ்வேறு ஃபில்டரில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது. நிர்கேமின் குறுஅலைப் பக்கத்தில் ஒரு பிக்சல் 0.031 வில்நொடி (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு), நெடுஅலையில் 0.063. ஆகவே குறுஅலை ஃபில்டரான எஃப்200டபிள்யூ படம், நெடுஅலை ஃபில்டரான எஃப்444டபிள்யூ படத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாக இருக்கும். கண்ணால் இழுத்துப் பொருத்தினால் நடுவில் ஒட்டும், ஓரத்தில் விலகும். தலைப்பில் இருக்கும் வான் ஆயங்களை வைத்தோ, சிரிலின் நட்சத்திரப் பொருத்தத்தை வைத்தோ ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். வண்ணம் ஏற்றுவதில் விதி எளிது: நீண்ட அலை சிவப்பு, குறுகிய அலை நீலம். பிரகாசமான நட்சத்திரங்களின் நடுவே கறுப்பு ஓட்டை தெரிந்தால், அங்கே உணரி நிறைந்து மதிப்பு இல்லாமல் போயிருக்கிறது. வெளியிடப்பட்ட படங்களில் அதைக் கையால் நிரப்புகிறார்கள், நீங்களும் நிரப்பலாம். சில ஆய்வுகளின் தரவு பூட்டியிருக்கும். வெப்புக்கு வழக்கமாக ஓராண்டு வரை அந்த ஆய்வுக் குழுவுக்கே உரிமை, அதன்பின் தானாகத் திறக்கும்.

சூரியனுக்கு ஹீலியோவியூவர் தளம் போதும். நாள், நேரம், அலைநீளம் கொடுத்தால் சூரியனைக் கவனிக்கும் எஸ்டிஓ விண்கலப் படங்களை வீடியோவாகக் கோத்துத் தரும். ஆண்டுக்கு இரு முறை, சம இரவு நாட்களை ஒட்டிய வாரங்களில், தினமும் சிறிது நேரம் படம் கறுத்துப்போகும். பூமி குறுக்கே வருகிறது. பூமியைப் பார்க்கும் எபிக் கேமராவில் நிலவு கடக்கும் காட்சியில் நிலவின் ஓரம் பச்சையாகவும் சிவப்பாகவும் பிசிறுவதும் இயல்பு, மூன்று நிறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதற்குள் நிலவு நகர்ந்துவிடுகிறது.

இஸ்ரோவின் சந்திரயான்-2 போன்ற பயணங்களின் தரவுகள் பிரதான் தளத்தில், பதிவு செய்துகொண்டு எடுக்க வேண்டும். நிலவுத் தரையைக் கால் மீட்டர் நுணுக்கத்தில் காட்டும் ஓஹெச்ஆர்சி கேமராப் படங்களுக்காகவே பதியலாம். ரோசெட்டா விண்கலத்தின் வால்நட்சத்திரப் படங்களுக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசாவின் தனிப் படக் காப்பகம் இருக்கிறது.

உரிமை பற்றிச் சுருக்கமாக: நாசா படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை, பெயர் குறிப்பிட்டால் போதும். ஆனால் அதன் சின்னத்தையும், அடையாளம் தெரியும் வீரரின் முகத்தையும் விளம்பரத்தில் போட முடியாது. அதே நூலகத்தில் தனியார் நிறுவனங்களின் படங்களும் கலந்திருக்கும், படக்குறிப்பின் கடைசி வரியைப் படியுங்கள். ஈசா படங்களை எல்லாம் பொதுச் சொத்து என்று நினைக்க வேண்டாம். பலவற்றின் உரிமத்தில், நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நாசா வீடியோக்களில் மாட்டிவிடுவது பின்னணி இசை. காட்சி இலவசம், இசை வேறொருவருடையதாக இருக்கலாம், யூடியூபில் ஏற்றினால் உரிமை கோரி அறிவிப்பு வரும். நாசாவின் கோடார்டு மையத்தின் அறிவியல் காட்சியாக்க ஸ்டூடியோ, எஸ்விஎஸ், தன் பல வீடியோக்களை இசையும் எழுத்தும் இல்லாத வடிவிலும், தனித்தனி ஃபிரேம்களாகவும் தருகிறது. அங்கிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை வராது.