எட்டாம் வகுப்பு முடிந்ததும் என்ன?

ஆமிஷ் குடும்பத்தில் (அமெரிக்காவில் கார் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவு) பிறந்த பிள்ளைக்குப் பெரியவனானதும் வேறு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை வளர்ப்பே அதைப் பறித்துவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: பறிக்கிறது. பதினான்கு வயதில், பள்ளிக்கூட வாசலில் வைத்துப் பறிக்கிறது.

பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஆமிஷ் மக்கள் நிறைய வாழும் லங்காஸ்டர் கவுண்டி அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் குதிரை வண்டி காட்டக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் தக்காளி, சோளம், வீட்டில் செய்த ரூட் பியர் எல்லாம் வைத்து விற்பார்கள். (பெயரில்தான் பியர், நம்மூர் நன்னாரி சர்பத்துக்குப் பக்கத்து வீடு.) ஞாயிற்றுக்கிழமை மட்டும் விற்பனை கிடையாது. வைக்கோல் தொப்பி, தோளில் பட்டை வைத்த கால்சட்டை, வெறுங்கால் என்று பத்துப் பதினோரு வயதுப் பையன் ஒருவன் கல்லாவில் இருப்பான். நான் செல்போனை எடுத்துக் கூட்டுவதற்குள் மீதிச் சில்லறையை எண்ணி நீட்டிவிடுவான்.

எந்த வகுப்பு என்று ஒருமுறை கேட்டேன். “ஆறு. இன்னும் ரெண்டு வருஷம்.” அப்புறம்? “அப்புறம் அப்பாவோட பட்டறை.” இதையெல்லாம் போய் ஒரு பெரிய மனிதர் கேட்கிறாரே என்கிற மாதிரி பார்த்தான்.

அவர்கள் பள்ளி ஒரே ஒரு அறை. எட்டு வகுப்புக்கும் அதே அறைதான். டீச்சர் பெரும்பாலும் கல்யாணமாகாத இளம்பெண், அவரும் எட்டாவதோடு நின்றவர். வீட்டில் பேசுவது பென்சில்வேனியா டச்சு (பெயர் அப்படி, உண்மையில் ஒரு ஜெர்மன் வட்டார வழக்கு), பைபிள் படிக்க ஜெர்மன், ஆங்கிலம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் வருகிறது. எழுத, படிக்க, கணக்குப் போட நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் படித்தால் அகந்தை வரும், பிள்ளை கைவிட்டுப் போவான் என்பது அவர்கள் பயம். மேலே படிக்கவைக்கச் சொன்ன அரசோடு பென்சில்வேனியாவில் 1950களில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: எட்டாவது முடித்த பிள்ளை வாரத்துக்கு மூன்று மணி நேரம் வகுப்புக்கு வந்து, வீட்டில் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினால் போதும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் அப்படிச் சமரசம் ஆகவில்லை. நியூ கிளாரஸ் என்கிற சிற்றூரில் மூன்று தகப்பன்மார் பிள்ளைகளை மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். ஆளுக்கு 5 டாலர் அபராதம். அந்த ஐந்து டாலர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் ஆமிஷ் பெற்றோர் ஜெயித்தார்கள். யோடர் வழக்கு என்பார்கள். ஆமிஷ் பிள்ளைகள் எட்டாவதோடு நிற்க இன்றைக்கும் சட்டப் பாதுகாப்பு அந்தத் தீர்ப்புதான். நீதிபதி டக்ளஸ் மட்டும் பாதி ஒத்துக்கொண்டு பாதி மறுத்தார். பெற்றோர் பேசுகிறார்கள், அரசு பேசுகிறது, பிள்ளையை யாராவது கேட்டீர்களா? அது பியானோ வாசிக்க ஆசைப்படலாம், விண்வெளிக்குப் போக ஆசைப்படலாம் என்று எழுதினார். மூன்று பிள்ளைகளில் ஒரு பெண் மட்டும்தான் சாட்சி சொன்னாள், தன் நம்பிக்கைப்படி தானே போகவில்லை என்று. அவள் விஷயத்தில் டக்ளஸும் சரி என்றார். மற்ற இருவர் மனதில் என்ன இருந்தது என்று நீதிமன்றத்தில் பதிவே இல்லை. எனக்கு டக்ளஸ் கட்சிதான்.

டிவி நிகழ்ச்சி பார்த்தவர்கள் இங்கே ரும்ஸ்பிரிங்காவை, அதாவது சபையில் சேரும் முன் இளசுகளுக்குக் கிடைக்கும் சுதந்திரக் காலத்தை, கொண்டு வருவார்கள். பதினாறு வயதில் அவிழ்த்துவிடுகிறார்களே, ஊர் உலகம் பார்த்துவிட்டுத்தானே சபையில் சேருகிறான் என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஞாயிறு மாலை கூடிப் பாடுவது, வாலிபால், பிடித்த பெண்ணை வண்டியில் வீட்டில் கொண்டு விடுவது, அவ்வளவுதான். குடியும் காரும் கொஞ்சம் பேருக்கு. ஆனாலும் முடிவு பிள்ளையுடையதுதான் என்பதை அவர்கள் ஒப்புக்குச் சொல்வதில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, வளர்ந்தவன் தானே கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னதற்காக 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இவர்களின் முன்னோர்களை எரித்தும் ஆற்றில் அமுக்கியும் கொன்றார்கள். அப்படிப்பட்ட சபை, அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கும்போது அவன் பள்ளியை விட்டு நாலைந்து வருடம் ஆகியிருக்கிறது. நூற்றுக்கு 85 பேருக்கு மேல் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் எத்தனை பேர் மனதார, எத்தனை பேர் வேறு வழி தெரியாமல் என்று எப்படிப் பிரிப்பது?

வெளியே வந்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பத்தொன்பதில் வீட்டை விட்டு வந்தவர், ஞானஸ்நானம் வாங்கவில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் (நம்மூர் ஆதார் எண் மாதிரி) இல்லை, அதற்கே மாதக்கணக்கில் அலைந்தாராம். பிறகு பள்ளிப் படிப்புக்கு ஈடான ஜி.இ.டி. தேர்வுக்கு உட்கார்ந்தார். மதிய இடைவேளையில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மரப்பலகையைப் பார்த்ததும் எட்டில் மூன்று அங்குலம் என்று சொல்லுகிற ஆள், பின்னம் அத்துப்படி. எக்ஸ் என்று ஒன்றைப் போட்டதும் பேனாவை வைத்துவிட்டார். “இது என்ன எண்?” தெரியாது, அதைத்தான் கண்டுபிடிக்கணும் என்றேன். “தெரியாததுக்கு எதுக்குப் பேர் வெச்சாங்க?” அன்றைக்கு எனக்கும் பதில் வரவில்லை. இரண்டாவது தடவை பாஸ் ஆனார், அப்போது வயது இருபத்தாறு.

அவர் அண்ணன் கதை வேறு. கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வாங்கியிருக்க வேண்டும், அதனால் இருபதில் வாங்கிவிட்டார். சில வருடம் கழித்து மனைவி பிள்ளைகளோடு வெளியே வந்தார். வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவர் என்பதால் சபை விலக்கிவைத்தது. விசேஷத்துக்கு இருவரும் அம்மா வீட்டுக்குப் போவார்கள். தம்பி எல்லோரோடும் உட்காரலாம். விலக்கப்பட்டவரோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. அந்த அம்மா இரண்டு மேஜையை ஓரங்குல இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவாராம். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் மற்றவர்கள். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம் என்று கேட்பீர்கள். நானும் அப்பா காட்டிய காலேஜில், அப்பா காட்டிய பிரிவில் சேர்ந்தவன்தான். ஆனால் பிடிக்கவில்லை என்று முப்பது வயதில் தோன்றினாலும் வேறு படிப்புக்கு விண்ணப்பம் போட என் கையில் சான்றிதழ்கள் இருந்தன. அந்தக் கிடங்கு நண்பர் ஆரம்பித்ததே பூஜ்யத்தில்.

உள்ளேயே இருப்பவர்களுக்குப் பிழைப்பில் முன்னைவிட வகை கூடியிருக்கிறது. குடும்பத்துக்கு ஆறேழு பிள்ளை, இருபது வருடத்துக்கு ஒருமுறை ஜனத்தொகை இரட்டிப்பாகி இப்போது நாலு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. பங்கு போட நிலம் ஏது? மரப்பட்டறை, கட்டட வேலை, வார இறுதிச் சந்தைக் கடை, வட இந்தியானாவில் கேரவன் வண்டித் தொழிற்சாலை என்று போகிறார்கள். பெண்களுக்கு இது சுருங்கிவிடும். கடை, டீச்சர் வேலை, தையல் எல்லாம் பெரும்பாலும் கல்யாணம் வரைக்கும்தான். நர்ஸாக வேண்டும் என்று ஒரு பெண்ணுக்கு ஆசை வந்தால் உள்ளே இருந்துகொண்டு அது நடப்பது மிக அபூர்வம்.

ஊர் திரும்பும் முன் அந்தப் பண்ணைக்குக் கடைசியாகப் போனபோது கல்லாவில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எங்கே என்றதும் பின்னால் கை காட்டினாள். தலையெல்லாம் மரத்தூளோடு வந்தான், பதினைந்து வயதிருக்கும். புதிதாகச் செய்த ஒரு நாற்காலியைக் காட்டினான். இணைப்பில் நகம் நுழையவில்லை. பிரமாதம் என்றேன். பாராட்டை வாங்கிக்கொள்வது அங்கே பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “அப்பா சொல்லிக் கொடுத்தது” என்றான். விலை கேட்டேன். சொன்னான். விமானத்தில் எடுத்துப் போக முடியாது என்பதால் வாங்கவில்லை.