தொண்டிக் கடலுக்கு எக்கோ சவுண்டர் தேவையா?

தம்பி, தொண்டியில் வல்லத்தில் தூண்டில் போடுகிறோம், ஒலியை அனுப்பி அடித்தரையையும் மீனையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் வாங்கலாம் என்றால் "மெசினு காட்டிப் பிடிக்கிறது ஒரு வேட்டையாடா" என்று அப்பா திட்டுகிறார் என எழுதியிருந்தீர்கள். வேட்டையின் ருசி ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் கடலுக்கு அது தண்டச் செலவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவியின் ஒலி 20 டிகிரிக்கு விரிகிறது என்றால், உங்கள் பக்கம் போல ஆழம் குறைந்த 5 மீட்டர் தண்ணீரில் அடித்தரையில் அது பார்ப்பது சுமார் 1.8 மீட்டர் அகலம்தான். வல்லத்துக்கு நேர் கீழே! இஞ்சின் சத்தத்துக்கே அங்கிருந்த மீன் ஒதுங்கியிருக்கும். திரையில் மிஞ்சுவது தாழை என்கிற கடல்புல்லும் கலங்கலும். கீழக்கரை, ஏர்வாடிக்குத் தெற்கே ஆழத்துப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், கலவாய், விளமீன் தேடுபவர்கள் கதை வேறு. பாறைத்தரை அழுத்தமான கோடாகவும் சேறு மங்கலாகவும் தெரியும், பார் முடியும் இடம் பிடிபடும்.

அதையே உங்கள் அப்பா ஈயக்குண்டை இறக்கி, தங்கூஸ் (நைலான் நரம்பு) விரலில் தட்டுவதை வைத்துச் சொல்லிவிடுவார். அவர் தெம்பாக இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

ஜி.பி.எஸ். மட்டும் கட்டாயம் வாங்குங்கள், இதில் அப்பாவோடு மல்லுக்கு நின்றாலும் தப்பில்லை. 1974 ஒப்பந்தத்தில் இலங்கையோடு போட்ட கடல் எல்லைக்கோடு ராத்திரியில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. மண்டபம் பக்கம் போனால் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் அதில் குறித்து வைத்துக்கொள்ளலாம். உப்புக்காற்றில் பேட்டரி முனை அரித்துவிடும், வாஸ்லின் தடவி வையுங்கள்.