ஷிராஸ் திராட்சை ஈரானிலிருந்து வந்ததா? அதன் குணம் என்ன?

இல்லை தம்பி. ஈரானில் ஷிராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது, பெயர்ப்பொருத்தம் அவ்வளவுதான். 1998-இல் மரபணுச் சோதனையில் குட்டு உடைந்தது: துரேசா என்ற கறுப்புத் திராட்சைக்கும் மோந்தூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் தென்கிழக்குப் பிரான்சில் பிறந்த பிள்ளை இது. அங்கே பெயர் சிரா. ஆஸ்திரேலியா போய்த்தான் ஷிராஸ் ஆனது.

இந்தத் திராட்சையில் செய்யும் ஒயின் கருஞ்சிவப்பு, கனத்த ருசி. நுங்கைத் தோலோடு தின்றால் நாக்கைப் பிடிக்குமே, அந்த மாதிரித் துவர்ப்பு. மிளகு வாசமும் உண்டு. அது வெறும் வருணனை இல்லை, மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருளே இதன் தோலிலும் இருக்கிறது.

திராட்சை மது நம் கரைக்குப் புதிதும் அல்ல. ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. நம்மவர்கள் பனங்கள்ளை விட்டுவிட்டு அதைக் குடித்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்!