15 இலட்சம் வீடு வரும் என்று காத்திருக்காதேயும் தம்பி

தம்பி, "பிரித்தானிய அரசாங்கம் 15 இலட்சம் வீடு கட்டப்போகுதாம், ஓரிரு வருடம் அறையில் சமாளித்தால் வாடகை குறையுமா, அதன்பிறகு மனைவி பிள்ளையைக் கூப்பிடலாமா, லண்டனில் நல்ல பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்" என்று கேட்டிருந்தீர். பள்ளிக்கூடக் கதையை விடும். அவர்கள் வந்தபிறகு பார்க்கலாம்.

வாடகை குறையாது. அந்த 15 இலட்சம் இங்கிலாந்து முழுவதற்கும், இந்தப் பாராளுமன்றத்தின் ஐந்து வருடக் காலத்துக்கு. வருடம் சராசரி 3 இலட்சம். முந்தின அரசும் அதே 3 இலட்சத்தைத்தான் சொன்னது, ஒரு வருடம்கூட எட்டவில்லை. எங்கட ஊரில் சீதனக் காணியில் நாள் பார்த்து அத்திவாரம் வெட்டி, காசு வர வரச் சுவர் எழுப்புவோமே, அது இங்கே நடக்காது. 1947ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தோடு, காணி உம்முடையதென்றாலும் கட்ட விடுவதும் விடாததும் கவுன்சில் என்ற உள்ளூராட்சிச் சபையின் கையில். லண்டனைச் சுற்றி, நகரம் பரவாமல் இருக்கக் கட்டாமல் விட்டிருக்கும் பசுமை வளையத்தில் லேசில் கைவைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் பெரிய கம்பனிகள் விலை விழாத வேகத்தில்தான் கட்டி விற்கின்றன என்று 2018இல் அரசு கேட்டு வாங்கிய அறிக்கையே சொன்னது. 1980க்குப் பிறகு, கவுன்சில் வாடகைக்கு விட்டிருந்த வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே மலிவாக விற்றார்கள். விற்ற அளவுக்குத் திருப்பிக் கட்டவில்லை.

அப்புறம் அயலட்டை. எங்கள் தெருமுனையில் மாடிக் கட்டடம் ஒன்று வருகிறதென்று விளக்குக் கம்பத்தில் கவுன்சில் அறிவித்தல் கட்டியிருந்தது. மறுகிழமையே எதிர்ப்பு மனுவோடு கதவைத் தட்டியவர் ஆர் என்கிறீர்? எங்கட ஆள்தான். கார் விட இடமிராதாம், டொக்டரிடம் நேரம் கிடைக்காதாம். அவருடைய பின்வளவுக் கொட்டிலில் ஊரில் இருந்து வந்த இரண்டு பெடியள் வாடகைக்கு இருக்கிறாங்கள். அதற்கு எந்த அனுமதி எடுத்தாரோ!

இப்படிப்பட்டவர்களிடம்தான் நீரும் அறை தேடிப் போவீர், அதனால் சொல்கிறேன். "எங்கட ஆள்தானே, கடுதாசி எதற்கு" என்று சொன்னால் நீர் திரும்பி வாரும். காசைக் கையில் கொடுக்காதேயும், வங்கி வழியாக அனுப்பும். வீட்டுக்காரர் முன்கூட்டி வாங்கிவைக்கும் வைப்புப் பணம் (டிப்பொசிற்) பொதுவாக ஐந்து கிழமை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த வைப்புப் பாதுகாப்புத் திட்டமொன்றில் போடவும் வேண்டும். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால் அந்தத் திட்டம் பொருந்தாது. அப்போது எழுத்தில் ஒப்பந்தம் இன்னும் முக்கியம். "என் முகவரியைப் பாவிக்காதே" என்பவரிடம் போகவே வேண்டாம். வங்கிக் கணக்குத் திறக்க முகவரி கேட்பார்கள்.

நான் வந்த காலத்தில் கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் கடைக்கு மேலே ஓர் அறை. இரவு வேலைக்காரன் எழும்பிய மெத்தையில் பகல் வேலைக்காரன் படுப்பான். போடுகிற கோட் ஒன்றைச் சுவரில் மாட்டினால் முதுகுப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். எங்களோடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் மேசன் ஒருவர் இருந்தார். தூக்குக்குண்டு போட்டுப் பார்க்காமலே சுவர் சரிவதைச் சொல்லிவிடுவார். இந்த நாட்டில் செங்கல் வைக்க ஆள் பற்றாது என்று இன்றைக்கும் கத்துகிறார்கள், அவரோ பெற்றோல் நிலையத்தில் இரவிரவாகக் கல்லாவில் நின்றார். கட்டட வேலைக்குப் போங்கோ அண்ணை என்றால், "ஊருக்குத் தெரிஞ்சால் மேசன் வேலைக்கோ லண்டன் போனவன் எண்டு சிரிப்பாங்கள்" என்பார். கடைசிவரை போகவேயில்லை. உமக்கு மேசன், தச்சு, வயரிங் என்று கைத்தொழில் ஏதும் தெரியுமா? அதை எழுதவில்லையே நீர்.