பேசின விலையை பில் நேரத்தில் உடைக்கும் கஸ்டமர், வளைந்து கொடுக்கும் மனேஜர்: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை, கர்ட்டின் கடை ஊழியர்): வணக்கம் அண்ணா. வீட்டுக்குப் போய் அளவெடுத்து, துணி, தையல், ரெயில், பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 86,500 என்று பேசினோம். 40,000 அட்வான்ஸும் தந்தார்கள். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு "75,000 என்றுதானே சொன்னீங்க" என்று கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். மனேஜர் வந்து இரண்டு நிமிஷத்தில் 75,000க்கே முடித்துவிட்டார். நான்தான் பொய் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பதில்: உங்கள் மனேஜர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை முதலில் பாருங்கள். அவர் பாதியில் வருகிறார், அவர் காதில் விழுவது கஸ்டமரின் குரல் மட்டும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். மாதக் கடைசியில் முதலாளி அவரிடம் கேட்பது எவ்வளவு விற்றது, எத்தனை முறைப்பாடு வந்தது என்றுதான். எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே விட்டுக்கொடுப்பது அவருக்குச் செலவில்லாத வழி.

கடைக்கு அப்படியல்ல. அந்த 86,500இல் துணி, ரெயில், தையல், ஆள் கூலிக்கு 66,000 போனது என்று வையுங்கள். மிச்சம் 20,500. அதில் 11,500ஐ விட்டால் கையில் 9,000. விட்ட 11,500ஐத் திரும்ப எடுக்க அதே இலாப வீதத்தில் இன்னும் 48,500 ரூபாய் அளவுக்கு விற்க வேண்டும். இந்தக் கணக்கை மனேஜரிடம் கடை பூட்டிய பிறகு காட்டுங்கள், கஸ்டமர் முன்னால் வேண்டாம்.

தடுக்கும் வேலை அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். ஓடர் தாளில் ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: அகலம், உயரம், துணி நம்பர், எத்தனை மீற்றர், மீற்றர் விலை. தையல், ரெயில், பூட்டுக்கூலி தனி வரிகள். கீழே மொத்தம், பெற்றது, மிச்சம், மூன்றும் இலக்கத்தில். கஸ்டமரின் கையெழுத்து "மிச்சம் 46,500" என்ற வரிக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். தாளின் அடியில் போடும் கையெழுத்தை "நான் வாசிக்கவில்லை" என்று சொல்லிவிடலாம், தொகைக்குப் பக்கத்தில் போட்டதைச் சொல்வது கஷ்டம். கர்ட்டின் பூட்ட ஏணியை எடுக்கும் முன்பே மிச்சக் காசை வாங்குங்கள். தொங்கின கர்ட்டினைக் கழற்றிக்கொண்டு வர எந்த மனேஜருக்கும் மனம் வராது, அது கஸ்டமருக்கும் தெரியும்.

பிரச்சினை வெடித்தால் மனேஜரைக் கூப்பிடும்போது வெறுங்கையோடு கூப்பிடாதீர்கள். தாளை அவர் கையில் கொடுத்து, கஸ்டமருக்கும் கேட்கிற மாதிரி மூன்று இலக்கத்தையும் வாசியுங்கள். அதற்குப் பிறகு குறைப்பதென்றால் கடைத் தாளுக்கு எதிராக அவர் குறைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் குறைக்க மாட்டார்.

கேள்வி (அதே ஊழியர்): தாள் இருந்தும் குறைத்தால்? கொமிஷனும் எனக்குத்தான் வெட்டுகிறார்கள்.

பதில்: கவுண்டரில் ஒரு கழிவுக் கொப்பி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். திகதி, பில் நம்பர், பேசின விலை, விட்ட தொகை, காரணம், விட்டவர் கையெழுத்து. ஒரு மாதம் எழுதினால் போதும், கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையை முதலாளி பார்ப்பார். கொமிஷன் பேசின விலைக்கே போட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. நீங்கள் விற்றது அந்த விலைக்கு. நட்டத்தை அடிப்படைச் சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சம்பளத்தில் கைவைப்பதற்கு எல்லை போட்டிருக்கிறது. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் கேட்கலாம்.

கேள்வி (பம்பலப்பிட்டி, கடை மனேஜர்): மனேஜர்களைத் திட்டுவது இலேசு. "1977க்கு அடிப்பேன், ஃபேஸ்புக்கில் போடுவேன்" என்று ஒருவர் கத்தும்போது நான் என்ன செய்ய?

பதில்: முதலில் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்: "கொஞ்சம் இருங்க, பில்லைப் பார்த்துட்டு வாறேன்." கஸ்டமரைக் கவுண்டரிலிருந்து தள்ளி ஒரு கதிரையில் இருத்துங்கள். ஊழியரைத் தனியாகக் கேளுங்கள், தாளைப் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் போகும், அதற்குள் பாதிச் சூடு இறங்கிவிடும். பின்னால் நின்றவர்களும் போயிருப்பார்கள். பார்க்க ஆளில்லாத சண்டை நீளாது.

1977 நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. பொதியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்றீர்களா, விலை காட்சிக்கு இருந்ததா, கேட்டதும் பற்றுச்சீட்டுக் கொடுத்தீர்களா என்பதுதான் உங்களுக்கு வரக்கூடிய கேள்விகள். மூன்றும் சரியென்றால் இலக்கத்தை நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். பிழை உங்கள் பக்கம் என்றால், உதாரணமாக விலை டிக்கெட்டில் 4,950, பில் மெஷினில் 5,450 வந்திருந்தால், வாய் பேசாமல் 4,950க்குக் கொடுத்துவிட்டு அந்த அடுக்கில் மற்ற டிக்கெட்டுகளையும் உடனே பாருங்கள். அது விட்டுக்கொடுப்பது ஆகாது.

பிழை இல்லை, ஆனாலும் ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டும் என்றால் விலையைத் தொடாமல் வேறொன்றைக் கொடுங்கள். இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, உயரம் குறைத்துத் தைத்துக் கொடுப்பது போன்றவை. கொடுக்கும்போது "தங்கச்சி சொன்ன விலை சரி, இது என்னுடைய கணக்கில்" என்று ஊழியர் முன்னாலேயே சொல்லுங்கள். இந்த ஒரு வரியைச் சொல்லாததால்தான் அடுத்த தடவை அந்தக் கஸ்டமர் நேரே "மனேஜரைக் கூப்பிடு" என்று தொடங்குகிறார்.

ஃபேஸ்புக்கில் போட்டால் ஒரே ஒரு பதில்: ஓடர் திகதி, ஒப்புக்கொண்ட தொகை, பெற்ற தொகை. பெயரும் போன் நம்பரும் தெரிகிற பில்லின் படத்தைப் போடாதீர்கள்.

கேள்வி (செட்டியார் தெரு, நகைக்கடை): ஓடர் கொடுத்த பிறகு பவுண் விலை இறங்கினால் "இன்றைய விலைக்குப் போடுங்க" என்கிறார்கள். ஏறினால் "அன்றைக்குப் பேசினதுதான்" என்கிறார்கள்.

பதில்: ஓடர் சீட்டில் "விலை பிடித்தது" (ஓடர் நாள் விலையே) என்றோ "எடுக்கும் நாள் விலை" என்றோ ஒன்றை எழுதாமல் விட்டால் இரண்டு பக்கமும் நட்டம் உங்களுக்கே. சண்டை குறைந்த முறை இது: அட்வான்ஸ் எத்தனை கிராமுக்குக் காணுமோ அத்தனை கிராமுக்கு அன்றைய விலை பிடிபடும், மிச்சத்துக்கு எடுக்கும் நாள் விலை. கிராம் கணக்கைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது நிறை. 5 பவுண் சங்கிலி என்றால் 40 கிராம். செய்து வரும்போது 41.4 நிற்கும். அந்த 1.4 கிராமுக்குக் காசு கேட்டதும் சண்டை. "40 கிராம், 1 கிராம் கூடலாம் குறையலாம், அதற்கு மேல் போனால் முதலில் அறிவிப்போம்" என்று எழுதுங்கள். கல் நிறை, கூலி, சேதாரம் தனித்தனி வரி.

கேள்வி (கொட்டாஞ்சேனை, அலுமினியம், பேன்ட்ரி வேலை): நாங்கள் எல்லாமே வாட்ஸ்அப்பில். அது செல்லுமா?

பதில்: 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, பொருள் விற்பனை ஒன்றை வழக்கில் நிலைநாட்ட கையெழுத்திட்ட குறிப்போ, முற்பணமோ, பொருளில் ஒரு பகுதியைக் கஸ்டமர் ஏற்றுக்கொண்டதோ இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுக்கும் பெறுமதி கொடுக்கிறது. ஆகவே வாட்ஸ்அப் பிரச்சினை இல்லை, வொய்ஸ் மெசேஜ்தான் பிரச்சினை. பேசி முடிந்ததும் தொகையை எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்குங்கள். கஸ்டமர் சிங்களத்தில் வாசிப்பவர் என்றால் சிங்களத்தில் அனுப்புங்கள். முற்பணத்தை வங்கியில் போடச் சொல்வது இன்னும் நல்லது.

உங்கள் தொழிலில் சண்டை பிறக்கும் இடம் சதுர அடி. சுவர்த் துவாரத்தை அளக்கிறீர்களா, ஃபிரேமின் வெளி விளிம்பையா? கொட்டேஷனில் சிறிய படம் கீறிக் காட்டுங்கள். "இதிலேயே ஒரு தட்டும் போடுங்க" என்றால் ஆணி அடிக்கும் முன் விலை அனுப்புங்கள். செல்லுபடியாகும் திகதி கட்டாயம். 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தபோது திகதி போடாத பழைய கொட்டேஷன்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எல்லாக் கடையும் கண்டது.

கேள்வி (தெஹிவளை, ஹோல், கேட்டரிங்): ஆளுக்கு 3,500 என்று பேசி 150 பேர். பில்லில் சேர்விஸ் சார்ஜும் வற் (VAT) வரியும் போட்டதும் கட்ட மாட்டேன் என்கிறார். மனேஜர் பாதியைக் கழித்துவிட்டார்.

பதில்: இதில் மனேஜர் செய்தது சரி, சொல்லப்போனால் முழுவதையும் கழித்திருக்கலாம். 3,500உடன் 10 சதவீத சேர்விஸ் சார்ஜ் 3,850. அதற்கு மேல் 18 சதவீத வற் 693. ஆளுக்கு 4,543 ஆகிறது. 150 பேருக்கு 5,25,000 என்று நினைத்து வந்தவர் கையில் 6,81,450 பில். "வரி தவிர" என்று கொட்டேஷனில் எழுதாவிட்டால் கோபம் அவருடைய நியாயம். இனிமேல் கடைசித் தொகையை மட்டுமே பேசுங்கள். வற் வரியோடு பில் அடித்த பிறகு குறைத்தால், குறைத்த தொகையைக் காட்டும் வரிக் கிரெடிட் நோட்டும் கொடுக்க வேண்டும். பேனையால் வெட்டி எழுதினால் கணக்கு உதைக்கும்.

கேள்வி (கெய்சர் வீதி): கார்ட் என்றால் 3 சதவீதம் கூட எடுக்கிறோம். அதற்கும் சண்டை.

பதில்: சண்டை போடுகிறவர் சரி. கார்டில் கட்டுகிறவரிடம் மேலதிகமாக அறவிட மத்திய வங்கி அனுமதிப்பதில்லை, வங்கியோடு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அனுமதிக்காது. கவுண்டரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளைக் கழற்றிவிட்டு, வங்கிக் கட்டணத்தை விலை போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.