வெளிநாட்டு அரசியல் எழுத ஆசைப்படும் மகளுக்காக

வணக்கம் சார். போன வாரம் மகளோடு வந்திருந்தபோது, "இதுல பெரிய ஆளா வர முடியுமா, சோறு போடுமா?" என்று கேட்டீர்கள். அன்று நின்றபடி சொன்ன பதில் போதாது.

உலக விவகாரங்களில் பத்தி (பத்திரிகையில் தொடர்ந்து வரும் கருத்துக் கட்டுரை) எழுதி உச்சம் தொட்டவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். பத்திரிகையாளர்களுக்குத் தரப்படும் அமெரிக்காவின் புலிட்சர் பரிசில் கருத்துப் பத்திக்கு 1970 முதல் தனிப் பிரிவு உண்டு. 2002இல் அதை வாங்கியவர் நியூயார்க் டைம்ஸின் தாமஸ் ஃப்ரீட்மன். அவர் முதலில் மத்தியக் கிழக்கைப் பாடமாகப் படித்தார், அரபி கற்றார், ஒரு செய்தி நிறுவனத்தின் நிருபராக 1979இல் பெய்ரூட் போனார். லெபனான் போர்ச் செய்திகளுக்கு 1983இல் புலிட்சர், இஸ்ரேலிலிருந்து எழுதியதற்கு 1988இல் இன்னொன்று. பத்தி எழுத உட்கார்ந்தது 1995இல்தான். அதே பத்திரிகையின் நிக்கோலஸ் கிறிஸ்டாஃபும் அப்படித்தான். சீனாவின் தியானன்மென் சதுக்கப் போராட்டச் செய்திகளுக்காக 1990இல் மனைவி ஷெரில் வுடன்னுடன் பரிசு பெற்றார். சூடானின் டார்ஃபூருக்கே போய்ப் பார்த்து எழுதிய பத்திகளுக்கான பரிசு 2006இல்தான் கிடைத்தது.

உங்கள் மகள் காஸா பற்றிய கட்டுரையைக் காட்டினாள். நல்ல நடை, நல்ல கோபம். அவளாகத் தேடிச் சரிபார்த்த தகவல்களை அடிக்கோடிடச் சொன்னேன். இரண்டே வரிகளில் கோடு விழுந்தது. அவள் முகம் வாடியது எனக்கும் வருத்தம்தான், ஆனால் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பரிசு வாங்கியவர் சொல்வதெல்லாம் வேதமும் இல்லை. பின்னால் பலரும் தவறென்று சொன்ன 2003 இராக் போரை ஃப்ரீட்மன் ஆதரித்தார். அதனால் அவள் ஒரு நோட்டுப் போடட்டும். படிக்கிற பத்தியில் 'இப்படி நடக்கும்' என்று வருவதைத் தேதியோடு குறித்து, ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்கட்டும். யார் எழுத்து நிற்கிறது என்று அவளுக்கே புலப்படும்.

படிப்புக்கு, டெல்லி ஜே.என்.யு.வில் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) சர்வதேச அரசியல் முதுகலை நல்ல வழி. அதற்கு க்யூட் பிஜி என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கேயே அரபியோ சீனமோ ரஷ்யனோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும். மொழி தெரிந்தவளுக்கு மொழிபெயர்ப்பு வேலையாவது கிடைக்கும். சோறு பற்றிய உங்கள் கவலைக்கு என் பதில் அதுதான். பிறகு ஏதாவது ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்தி டெஸ்கில், செய்திகளைத் திருத்திச் செப்பனிடும் சப்-எடிட்டராகச் சில வருடம். தொடக்கச் சம்பளம் குறைவு, இரவு ஷிப்ட் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.